பழைய பாஸ்வேர்ட்

வைஃபை எத்தனை அறைக்கு என்று கடைக்காரர் றிக்சன் கேட்டார்.

"மூண்டு அறை. ஆனா சிக்னல் இறங்குதுறை வரைக்கும் போகோணும்," என்றாள் சீலா.

நான்கு அன்டெனா உள்ள ரவுட்டரைத் தெரிவுசெய்து, ஓர்ஸ் ஹில்லில் இருந்த அவள் வீட்டுக்கு வந்து றிக்சனே பொருத்தினார். புதுப் பாஸ்வேர்ட் கேட்டார்.

"பழைய பேரும் பாஸ்வேர்டும் இருக்கட்டும் தம்பி. அவரின்ர போனில அதுதான் கிடக்கு."

அவள் கணவர் பேணாட் எட்டு மாதத்துக்கு முன் கடலில் வள்ளத்தோடு காணாமல் போனவர். போன் அவருடைய சட்டைப் பையில் இருந்தது. உடல் கிடைக்காமலே முப்பத்தோராம் நாள் பூசையும் ஒப்புக்கொடுத்தாயிற்று. றிக்சன் பழையதையே பதிந்துகொடுத்துவிட்டுப் போனார்.

இணைந்திருந்தவை இரண்டு போன்கள்: சீலாவுடையதும் மகள் நிரோஷினியுடையதும். வெள்ளிக்கிழமை, நிரோஷினி தன் போனில் பார்த்த ரவுட்டர் பட்டியலில் மூன்றாவதாக ஒன்று வந்தது. பெயர் பேணாட். சிக்னல் ஒரு கோடு. சனிக்கிழமை இரண்டு கோடு.

ஞாயிறு பூசை முடிந்து வந்து கதவைத் தாழிட்டுவிட்டு நிரோஷினி மறுபடி பார்த்தாள்.

"அம்மா, அப்பாவின்ர இப்ப முழுக்கோடும் காட்டுது. என்ரயை விடக் கூட."

அவள் ரவுட்டருக்கு இரண்டடி தள்ளித்தான் நின்றாள். ரவுட்டரை ஒட்டி ஒரு கதிரை மட்டும் கிடந்தது.

சீலா அதில் குவிந்திருந்த உடுப்புகளை எடுத்து அலுமாரிக்குள் வைத்தாள்.

"நனைஞ்செல்லோ வந்திருப்பார்," என்று சொல்லி, மின்விசிறியை அந்தக் கதிரைப் பக்கம் திருப்பிவிட்டாள்.