பயணத்துயில்

"பேருக்காக வரல சார். அர்த்தம் தப்பா இருக்கு. அதைச் சொல்லிட்டுப் போகலாம்னுதான் வந்தேன்."

மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்த நர்ஸ் எங்கள் அகராதியைப் பிரித்து, ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். ஆஸ்பத்திரியில் வேலை முடிந்த கையோடு வந்திருக்க வேண்டும். மூன்று மாடி ஏறி வந்ததில் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

விஞ்ஞானக் கதைகளில் வரும் சொற்களுக்கென்றே போட்ட அகராதி அது. ஒவ்வொரு சொல்லும் எங்கே பிறந்தது, யார் முதலில் எழுதினார், என்ன பொருளில் எழுதினார் என்று துருவிக் கண்டுபிடிப்பது என் வேலை. பதினெட்டு வருடமாக அதே நாற்காலி.

ரோபோ என்ற சொல்லுக்குள், கட்டாயமாக வாங்கும் உழைப்பைக் குறிக்கும் வேற்றுமொழிச் சொல் ஒன்று ஒளிந்திருக்கிறது. பறக்கும் தட்டு தவறாகப் புரிந்துகொண்டதில் பிறந்தது. விமானி ஒருவர், தான் பார்த்தவை தண்ணீர்மேல் வீசிய தட்டுபோலத் தத்தித் தத்திப் பறந்தன என்றார். பத்திரிகைகள் அதை அவற்றின் வடிவம் என்று எழுதிவிட்டன. கூட்டங்களில் இதையெல்லாம் சொல்லிக் கைதட்டல் வாங்குகிறவன் நான்.

நர்ஸின் விரல் நின்ற சொல், பயணத்துயில்.

இன்று சினிமாவிலும் சிறுவர் படக்கதையிலும் சர்வசாதாரணமாகப் புழங்குகிற சொல். விண்கலத்தில் பல வருடம் பயணம் போகிறவர்களை உறையவைத்துத் தூங்கச் செய்யும் நிலை என்று பொருள் போட்டிருந்தோம். முதலில் எழுதியவர் என்ற இடத்தில் எழுத்தாளர் ராக்கெட்டின் பெயர். வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதிப் பேர் வாங்கியவருக்கு வாசகர்கள் வைத்த பட்டப்பெயர் அது. அவர் போய் ஆறு வருடம் ஆகிறது.

"உறையவைக்கிறதெல்லாம் இல்ல சார். எனக்கு அப்ப ஆறு வயசு. எங்கம்மா தலையில அடிபட்டு நாலு மாசம் நினைவில்லாம கெடந்தாங்க. எப்ப எந்திரிப்பாங்கன்னு நான் அழுவேன். அண்ணன்தான் சொல்லுவான், அம்மா ரொம்ப தூரத்துல ஒரு கிரகத்துக்குப் போயிட்டிருக்காங்க, இது பயணத்துயில், போய்ச் சேர்ந்ததும் முழிச்சுக்குவாங்கன்னு."

நான் பேனாவைத் திறந்து அதைக் குறித்துக்கொண்டேன்.

"அப்புறம் போய்ச் சேர்ந்துட்டாங்க."

நம் பேச்சில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"நான் மட்டும் ரொம்ப நாள் நம்பிக்கிட்டிருந்தேன் சார், அங்க முழிச்சிருப்பாங்கன்னு," என்று சொல்லிச் சிரித்தார்.

அண்ணன் லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். பத்தொன்பது வயதில் இதையே ஒரு கதையாக எழுதி அந்த வாரப் பத்திரிகைக்கு அனுப்பினார். கதை திரும்பி வந்தது. அதற்குப் பிறகு அவர் எதுவும் எழுதவில்லை. பல வருடம் கழித்து டிவியில் ஏதோ படத்தில் அந்தச் சொல் வந்தபோது, "அட, நம்ம சொல்லு!" என்றாராம். அவ்வளவுதான். போன வருடம் இறந்துவிட்டார்.

நர்ஸ் பையிலிருந்து கதையை எடுத்து என் முன்னால் வைத்தார். மடிப்புகள் நைந்த ஒன்பது தாள்கள். மேலே, 'பிரசுரிக்க இயலாமைக்கு வருந்துகிறோம்' என்ற அச்சடித்த சீட்டு. அதில் பதிந்திருந்த தேதி, ராக்கெட்டின் தொடர் தொடங்குவதற்கு ஐந்து மாதம் முந்தையது. கதையின் பெயர் சீட்டில் இல்லை.

நான்காவது தாளில், பயணத்துயில் என்ற சொல்லுக்குக் கீழே மட்டும் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு.

"பத்திரிகையில யாரோ போட்ட கோடு சார். ஒருத்தருக்காவது பிடிச்சிருக்கேன்னு அண்ணனுக்கு அப்படி ஒரு சந்தோஷம். வேற கதை கேட்டு எழுதுவாங்கன்னு ஒரு வருஷம் தபால்காரர் வர்ற நேரமாப் பார்த்து வாசல்ல நின்னான்."

தாள்களை மடித்து உறைக்குள் வைத்தவர், கொஞ்சம் தயங்கினார்.

"பேரும் போட முடியுமா சார்?"

"அச்சுல வந்திருக்கணும்மா. இல்லேன்னா, அந்தக் காலத்துலயே இதைப் படிச்சவங்க யாராவது கையெழுத்துப் போட்டுக் கொடுக்கணும்."

"படிச்சது திருப்பி அனுப்பினவங்க மட்டும்தானே. அவங்களை நான் எங்க போய்த் தேடுவேன்?"

"கஷ்டம்தான்," என்றேன்.

"பரவாயில்ல சார். அர்த்தம் சரியா இருந்தாப் போதும்." நோயாளியைத் தேற்றுகிற குரல்.

அவருடைய செருப்புச் சத்தம் மூன்று மாடியும் இறங்கும்வரை கேட்டது. கூப்பிட்டிருந்தால் திரும்பி ஏறி வந்திருப்பார். ஜன்னலுக்கு வெளியே, பையை நெஞ்சோடு அணைத்தபடி சாலையைக் கடந்து பஸ் நிறுத்தத்தில் போய் நின்றார். பஸ் வர வெகுநேரம் ஆனது. அந்த நேரம் முழுவதும் நான் ஜன்னலிலேயே நின்றேன்.

பிறகு உட்கார்ந்து, அடுத்த பதிப்புக்காக அந்தச் சொல்லின் குறிப்பு அட்டையில் பொருளைத் திருத்தினேன்: போய்ச் சேர்ந்ததும் விழிக்கிற தூக்கம்.

முதலில் எழுதியவர் என்ற இடத்தில் ராக்கெட்டின் பெயரை அப்படியே விட்டேன்.

இருபத்து மூன்று வயதில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, அந்த வாரப் பத்திரிகைக்கு வரும் கதைகளைப் படித்துத் தேறாதவற்றைத் திருப்பி அனுப்புவது. ஒரு மத்தியானம் ராக்கெட் ஆபீசுக்கே வந்து, தொடர்கதைக்கு ஒரு சொல் சிக்காமல் திண்டாடிக்கொண்டிருந்தார். நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

"அடேயப்பா! எங்கேய்யா பிடிச்ச இதை?" என்று முதுகில் ஓங்கித் தட்டினார். ஆசிரியர்கூடத் தன் அறையை விட்டு எழுந்து வந்து என்னைப் பார்த்தார்.

"சும்மா தோணுச்சு சார்," என்றேன்.