சொட்டக் கூடாத பத்து நிமிடங்கள்

கூண்டுக்காரர் இறைச்சித் தட்டோடு உள்ளே வந்தபோது ஆராய்ச்சி மாணவி கண்ணாடிக் குழாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மேசைமேல், வார் மாட்டி, நாய் நின்றது. பதிவேட்டில் எட்டாம் எண். நான்கு வருடமாகத் தீனி போடும் இவருக்கு மட்டும் மாப்பிள்ளை.

அதன் வயிற்றிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வெளியே வந்து கண்ணாடிக் குழாய்க்குள் இறங்கியது. கணையத்தில் ஊறும் நீர் அதன் வழியாகத்தான் சொட்டும்.

கணையத்துக்கு உத்தரவு இரண்டு இடத்திலிருந்து போகிறது என்று அவள் ஒருமுறை சொல்லியிருந்தாள். தீனி உள்ளே இறங்கியதும் குடலே ஒரு பொருளை ரத்தத்தில் கலந்து அனுப்பும். வாசனை பட்டாலே, தீனி போடுகிறவரின் காலடி கேட்டாலே, மூளை நரம்பு வழியாகச் சொல்லி அனுப்பும்.

அவளுடைய ஆராய்ச்சிக்குக் குடலின் உத்தரவு மட்டும் வேண்டும். அதனால் நரம்பை வெட்டியாகிவிட்டது.

ஆனால் பத்து நாளுக்கு முன் இவர் தட்டோடு வந்து நின்றதும் பதினொரு சொட்டு விழுந்தது. எங்கோ ஓர் இழை அறுபடாமல் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். இன்னோர் அறுவையை நாய் தாங்காது.

"இன்னொரு தடவை பாப்போம்ணே. அன்னைக்கும் சொட்டுச்சுன்னா வச்சுக்கிட்டு என்ன பண்றது? முடிச்சுட வேண்டியதுதான்" என்று அன்றே சொல்லியிருந்தாள்.

இன்று சொட்டாவிட்டால் ஒரு வருட ஆராய்ச்சி. அதாவது ஒரு வருட உயிர்.

மூக்குக்கு எட்டும் தூரத்தில் தட்டை நீட்டியபடி நின்றார். பத்து நிமிடம். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். அவர் குழாயின் நுனியைப் பார்த்தார்.

நுனியில் ஈரம் திரண்டது.

திரண்டது அப்படியே நின்றது. விழவில்லை.

"என்னண்ணே, மாமனார் விருந்தோட வந்து நிக்கிறாரு, மாப்பிள்ளை திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குது!"

சிரித்துக்கொண்டே பூஜ்யம் என்று எழுதினாள்.

பிறகு குடல் அனுப்பும் பொருளை ஊசியில் எடுத்து ரத்தத்தில் ஏற்றினாள். இரண்டு நிமிடத்தில் கண்ணாடிக் குழாய்க்குள் சொட்டுகள் வரிசையாக விழுந்தன.

அவள் முகத்தில் பத்து நாள் கவலை இறங்கிப் போயிருந்தது. நாயின் கழுத்தைத் தடவிக் கொடுத்தாள். அது அவள் கையை நக்கியது.

"சுத்தமா அறுந்திருக்குண்ணே. மாசத்துக்கு ஒரு தடவை இதே மாதிரி பாத்துக்கிட்டாப் போதும். நீங்களே தட்டோட வந்துடுங்க."

அவள் பதிவேட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

நரம்பு அறுந்ததா இல்லையா என்று அவருக்குத் தெரியாது. மிரண்டு போன நாய்க்குச் சொட்டாது என்று தெரியும். இருபது வருடக் கூண்டு வேலையில் கண்டது.

பத்து நாளாக, வேளை தவறாமல், ஒரு கையால் தட்டை வைத்து மறு கையால் அடித்திருந்தார். ஈரத் துணியை முறுக்கி, தோலில் தடம் தெரியாதபடி.

வாரை அவிழ்க்கக் கை நீட்டினார்.

மாப்பிள்ளை கண்களை இறுக மூடிக்கொண்டது.

வார் கழன்றது. கை தானாக அதன் தலைப்பக்கம் போயிற்று. தொடப் போன கையை இழுத்துக்கொண்டார்.

அடுத்த சோதனைக்கு முப்பது நாள் இருந்தது.