பழுப்பு நிறத் தங்கை

ஆய்வகக் குளிர்பெட்டியில் அக்காவும் தங்கையுமாக இரண்டு ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) குப்பிகள் அருகருகே இருந்தன. திசுத் துண்டில் நோயின் புரதத்தைத் தேடிப் பிடிப்பது அக்காவின் வேலை. அவளுக்கு நிறமில்லை. அவள்மேல் தொற்றிக்கொண்டு பழுப்பு நிறம் காட்டுவது தங்கை.

"தேடி அலைவது நான், நுண்ணோக்கியில் டாக்டரம்மா பார்த்துப் பூரிப்பது உன்னை. நான் இல்லாமல் ஒருநாள் போய்ப் பாரடி!" என்று பொருமினாள் அக்கா.

மறுநாள், அக்கா இல்லாமலும் பொய்யாக நிறம் வருகிறதா என்று சரிபார்க்க, டாக்டரம்மா தங்கையில் ஒரு சொட்டை மட்டும் திசுவில் விட்டார். பற்றிக்கொள்ள யாருமின்றி அது கழுவிய நீரோடு போனது. திசுவில் நிறமே இல்லை.

"பார்த்தாயா!" என்று சிரித்தாள் அக்கா.

"அறிக்கையில் உன் பெயரைத்தானே எழுதுகிறார்கள், அக்கா? எனக்கு வயிறு எரியாதா? என் பெயர் யாருக்காவது தெரியுமா?"

பக்கத்திலேயே இருந்த அக்காவுக்கும் அந்தப் பெயர் தெரியவில்லை.