டிவிக்காரிக்கு விழுந்த திட்டு

“சோம்பேறி.”

கேட்டைத் திறந்த திலீப்பின் கை அப்படியே நின்றது. பதினோரு மாதம் கழித்து செரண்டாவில் இருக்கும் பெற்றோர் வீட்டுக்கு வந்தவனுக்கு இதுதான் வரவேற்பா என்று பல்லைக் கடித்தான். உள்ளே எட்டிப் பார்த்த பிறகுதான், திட்டு தனக்கில்லை, டிவியில் இருந்தவளுக்கு என்று புரிந்தது.

காலை நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. மனசுக்கு நிம்மதி வேண்டுமென்றால் தினமும் பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள் என்று பட்டுப்புடவை கட்டிய ஒருத்தி சிரித்துக்கொண்டே சொன்னாள். எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் அப்பா இராமையா, தோளிலிருந்து மடிவரை துண்டைப் போர்த்தியபடி அவளை முறைத்துக்கொண்டிருந்தார்.

“மூதேவி,” என்றார் அடுத்து.

முப்பது வருடம் செம்பனைத் தோட்டத்தில் மண்டோராக, அதாவது கங்காணியாக, இருந்தவர். இருட்டோடு பெரட்டுக்கு வரிசையில் நிற்கவைத்து ஆள் எண்ணி, வெயில் ஏறுமுன் காட்டுக்குள் விரட்டிய மனுஷன். சும்மா உட்காரச் சொல்பவளை வேறெப்படி வாழ்த்துவார்.

“வந்துட்டியா,” என்ற அம்மா வேலம்மா, பதிலுக்குக்கூட நிற்காமல் ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் கூட்டினாள்.

“ஏற்கெனவே காது கிழியுது. கொறைங்கம்மா.”

“இருக்கட்டும். எட்டு மணிக்கு வாடான்னா எட்டேமுக்காலுக்கு வர்ற. ஒம்போதுக்கு அவ போயிருவா.”

“அவளப் பாக்கவா ராத்திரி பூரா ஜோகூர்லேருந்து மோட்டார் ஓட்டிட்டு வந்தேன்? பொறப்புப் பத்திரத்த எடுத்துக் குடுங்க. திங்கக்கெழம சிங்கப்பூர் போறேன். இனிமே இங்கிட்டு வர வேல இல்ல.”

பத்திரத்தைத் தபாலில் அனுப்பச் சொன்னதற்கு, நேரில் வந்தால்தான் தருவேன் என்று பிடிவாதம் பிடித்தவள் அம்மா. இல்லையென்றால் அவன் வந்திருக்க மாட்டான்.

போன தீபாவளியன்று, தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டுச் சாப்பாடு டெலிவரிக்குப் போனதற்காக, சொந்தக்காரர் பத்துப் பேர் முன்னால் அப்பா அவனைச் “சோம்பேறி” என்றார். “நீங்களா வாயத் தொறந்து கூப்புடற வரைக்கும் நான் இந்த வீட்டுக்குத் திரும்ப மாட்டேன்,” என்று பையைத் தூக்கியவன்தான் திலீப்.

மனுஷன் கூப்பிடவே இல்லை. அம்மாவுக்குப் போன் போடும்போதெல்லாம், பின்னால் டிவியோடு அவர் மல்லுக்கு நிற்பது கேட்கும். எலுமிச்சைச் சாறு குடித்தால் உடம்பு இளைக்கும் என்பாள் டிவிக்காரி. சோம்பேறி என்பார் இவர். முன்பெல்லாம் அவளுடைய ஏழு தலைமுறையையும் இழுப்பார். இப்போது திட்டுவதற்கும் அலுப்பு போல, எதற்கெடுத்தாலும் அதே மூன்று வார்த்தைதான். தொண்டைக்கு ஒரு குறையும் இல்லை, மகனைக் கூப்பிடத்தான் மனசு வரவில்லை என்று அவன் போனை வைத்துவிடுவான்.

அம்மா காப்பி கொண்டுவந்தாள். அப்பா இடக்கையால் தம்ளரை வாங்கினார். டிவிக்காரி பாயை விரித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“எந்திரிடா,” என்றார்.

“பொம்பளயப் போயி டா போடுறாரு. கண்ணும் போச்சா?” என்று திலீப் சிரித்தான். அம்மா சிரிக்கவில்லை. பத்திரத்தை அவன் கையில் வைத்துவிட்டு, சத்தத்தை இன்னும் கூட்டினாள்.

அவனுக்குப் பொறுக்கவில்லை. ரிமோட்டைப் பிடுங்கி டிவியை அணைத்தான்.

“அவகிட்டப் பேச வாய் இருக்குல்ல? இப்ப எங்கிட்டப் பேசுங்க. திட்டுறதா இருந்தாலும் என்னயத் திட்டுங்க. கேட்டுட்டுப் போறேன்.”

அப்பா அவனையே பார்த்தார். தாடை இரண்டு முறை ஏறி இறங்கியது. ஒன்றும் வரவில்லை.

“சரி லா. ஒங்க ரோஷம் ஒங்களோட.”

“டேய், மொதல்ல டிவியப் போடுடா,” என்று அம்மா பதறினாள்.

“நீங்களே போட்டுக்குங்க. அந்த டிவிக்காரிய வச்சே குடும்பம் நடத்துங்க.”

பத்திரத்தைப் பையில் திணித்துக்கொண்டு வெளியே போனான். மோட்டார் சைக்கிளில் ஏறிச் சாவியைத் திருகியபோது, பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது.

“சோம்பேறி.”

திலீப் திரும்பினான். டிவி அணைந்துதான் கிடந்தது. முகம் கொதித்தது அவனுக்கு.

“கேட்டீங்களாம்மா? போனப்பயும் அதான் சொன்னாரு, இப்பயும் அதான் சொல்றாரு.”

ஓடிவந்த வேலம்மா சாவியைப் பிடுங்கினாள்.

“வந்ததுலேருந்து அவரு மூஞ்சிய ஒழுங்காப் பாத்தியாடா நீ? வலது கையப் பாத்தியா? ஸ்ட்ரோக் அடிச்சு மூணு மாசம் ஆச்சு. ஒங்கிட்ட சொல்லப் போறப்பல்லாம் போனத் தட்டி விட்டுடுறாரு. அந்த மூணு வார்த்தைதான் நாக்குல மிச்சம். அதுவும் டிவியில அந்தப் பொம்பளயப் பாத்து ஆத்திரம் வந்தாத்தான் வரும்.”

உள்ளிருந்து மறுபடியும், இன்னும் சத்தமாக, “சோம்பேறி. சோம்பேறி.”

“டிவி இல்லாம இன்னிக்குத்தான் வாய் தொறக்குறாரு,” என்றாள். “ஒன்னத்தான்டா கூப்புடுறாரு.”