கார்டு வைத்திருந்தவர் பெயர்

ஆஸ்பத்திரியில் கிரெடிட் கார்டைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தும் கணவர் பிழைக்கவில்லை. கடன்தான் செண்பகவல்லிக்கு மிச்சம். அன்று பேங்க் வசூல்காரப் பெண் போனில் இறங்கிவந்தாள்.

"பாதி தள்ளுபடிம்மா. பேச்சு பதிவாகுது. கார்டு வச்சிருந்தவர் பேரை நீங்களே வாயால சொல்லணும்."

யார், செண்பகவல்லியா? முப்பது வருஷம் 'இங்க பாருங்க' என்றே குடும்பம் நடத்தியவள் ஆயிற்றே! ரேஷன் கடையில்கூட அவர் பேரைப் பக்கத்து வீட்டுக்காரிதான் சொல்லவேண்டும். "ஒரே ஒரு தடவை சொல்லேன், பட்டுப்புடவை எடுத்துத் தர்றேன்" என்று அவர் கெஞ்சுவது தெருவுக்கே கேட்கும். இவள் சிரித்துக்கொண்டே அடுப்படிக்குள் ஓடிவிடுவாள்.

"சொல்லலைன்னா முழுசா கட்டணும்மா."

"தாண்டவமூர்த்தி."

"பதிவாயிடுச்சும்மா, நன்றி." இணைப்பு துண்டிக்கப்பட்டது.

செண்பகவல்லி போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. கொல்லையில் நிற்பவரைச் சாப்பிடக் கூப்பிடுவதுபோல, இன்னொரு தடவை, கொஞ்சம் உரக்கவே சொன்னாள்.