ஒரே ஒரு பிரதி

"அந்த நீர்வளப் பாட மின்னூலை ஆரணி எடுத்திட்டா, தம்பி. சோதினை முடியுமட்டும் விடமாட்டாவாம்," என்றார் நூலகர் லூர்த்தம்மா, கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே.

கோகுலன் முகத்தைத் தொங்கப்போட்டான். "வேறை பிரதி இல்லையோ, மிஸ்?"

"கல்லூரி ஒரு பிரதிக்குத்தான் உரிமை வாங்கினது. போனிலை வாசிக்கிற புத்தகமெண்டாலும் ஒராள் திருப்பித் தந்தால்தான் மற்றாள் திறக்கலாம். ஆரணியைக் கேட்டுப் பாருமன், நீங்கள் நல்ல சிநேகிதம்தானே?"

"அது முந்தி," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தவன், நண்பன் பிரகாஸைக் கண்டதும் அடக்கி வைத்த சிரிப்பையெல்லாம் கொட்டினான். காதலித்த காலத்தில் ஆரணி தன் நூலகக் கணக்கின் பாஸ்வேர்டை அவனுக்குச் சொல்லியிருந்தாள். வேறென்ன, அவன் பெயரும் பிறந்த ஆண்டும்தான். இன்னமும் அதேதான்!

அந்தக் காதல் முறிந்த கதையைக் கல்லூரியே அறியும். உடுவிலிலிருந்து அளவெட்டி வரை வெயிலில் கிணறு கிணறாக அலைந்து தண்ணீர் அள்ளிச் சோதித்து அவள் எழுதிய ஆய்வறிக்கையை, "ஒருக்கா வாசிச்சிட்டுத் தாறன்" என்று வாங்கிப் போய், அவளுக்கு முந்தித் தன் பெயரில் கொடுத்துவிட்டான் இந்தப் புண்ணியவான். பாராட்டு அவனுக்கு. கொப்பியடித்தவள் என்ற பழி அவளுக்கு.

அன்று வகுப்பே பார்த்திருக்க ஆரணி சொன்னாள்: "உன்னைச் சும்மா விடமாட்டன், கோகுலன்."

"போனிலை தடுத்தாள், முகநூலிலை தடுத்தாள், இப்ப புத்தகத்தையும் தடுத்துப் பாக்கிறாள்," என்று பிரகாஸிடம் கோகுலன் பெருமையடித்தான். "பாஸ்வேர்டை மட்டும் மாத்தேல்லை. என்ரை பேரை அழிக்க மனம் வரேல்லையாக்கும்!"

"கவனமடா. அவள் லேசுப்பட்ட ஆளில்லை."

"உவளோ? மூக்குக்கு மேலை கோபம், அவ்வளவுதான். ஒருக்கா நான் நூலகப் புத்தகத்திலை பென்சிலாலை ஒரு சின்னக் கோடு கீறினதுக்கு, 'பிறகு வாசிக்கிற ஆள் உன்ரை மூளையாலையோ வாசிக்க வேணும்?' எண்டு றப்பராலை அழிச்சுப்போட்டு, ஒரு கிழமை என்னோடை கதைக்கேல்லை. விசர்!"

பரீட்சையில் முதலாவதாக வருபவருக்குக் கல்லூரியிலேயே ஆய்வுகூட உதவியாளர் வேலை காத்திருந்தது. மற்றவர்கள் விரிவுரைக் குறிப்புகளை வைத்துச் சமாளித்தார்கள். விரிவுரைப் பக்கமே தலைவைத்துப் படுக்காத கோகுலனுக்கு அந்த மின்னூல்தான் கதி.

அறைக்கு வந்து ஆரணியின் கணக்கில் நுழைந்து புத்தகத்தைத் திறந்தவனுக்குப் பெரும் அதிர்ஷ்டம் அடித்தது. குளங்கள், அணைகள், வாய்க்கால்கள் என்று பக்கம் பக்கமாக மஞ்சள் கோடுகள். ஓரத்தில் குறிப்புகள் வேறு: 'வகுப்பிலை சேர் திருப்பித் திருப்பிச் சொன்னவர்', 'கட்டாயம் வரும்'.

வகுப்பில் முதல் வரிசையில் இருந்து ஒரு சொல்லும் விடாமல் எழுதுகிறவளின் குறிப்பல்லவா! தலையணை போல் தடித்த புத்தகத்தை முழுதாக வாசிக்க அவனுக்கென்ன பைத்தியமா? மஞ்சளை மட்டும் மனப்பாடம் செய்தான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அணைகளை ஒப்பிக்கும் அளவுக்குப் படித்தான்.

பரீட்சை அன்று வினாத்தாளைப் பார்த்ததும் அவனுக்கு வேர்த்துக் கொட்டியது. முன்னுக்குப் பார்த்தான், பின்னுக்குப் பார்த்தான். ஓர் அணையாவது, ஒரு வாய்க்காலாவது? ம்ஹூம். எல்லாம் சுண்ணக்கல், கிணறு, கிணற்றில் ஏறும் உப்பு. அவன் 'எழுதிய' அதே ஆய்வறிக்கையின் விசயங்கள்தான்.

நேரம் முடிந்ததும் வெறுந்தாளை நீட்டிவிட்டு வெளியே ஓடிவந்தான். ஆரணி தன் ஸ்கூட்டியில் ஏறித் தலைக்கவசம் மாட்டிக்கொண்டிருந்தாள். வேலையும் போய்விட்டது, மானமும் போகப்போகிறது என்ற ஆத்திரத்தில் அவனுக்கு வாய் நிற்கவில்லை.

"ஏய்! நீ மஞ்சள் கோடு போட்டு வைச்ச ஒண்டுமே வரேல்லையே!"

தன் கணக்குக்குள் அவன் எப்படிப் புகுந்தான் என்று அவள் கேட்கவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை. ஸ்கூட்டியை முடுக்கிக்கொண்டே நிதானமாகக் கேட்டாள்:

"நான் புத்தகத்திலை கோடு கீறி நீ எப்பவாவது பாத்திருக்கிறியோ, கோகுலன்?"