பாதி வெளிச்சம்

கோயில் டியூப்லைட்டுகளின் மேல் ‘உபயம்: வேலாயுதம்’ என்று கொட்டை எழுத்தில் எழுதிப் பாதி வெளிச்சத்தை மறைத்துவிட்டார் என்று தர்மகர்த்தாவைக் கிழிகிழியென்று கிழித்து ஓர் இணையதளம் முளைத்தது. நடத்துபவன் யாரென்று கண்டுபிடிக்க அவர் குணாளனை அழைத்தார்; தெருவில் கணினி தெரிந்தவன் அவன்தான். நடத்துபவனும் அவன்தான். இணையதளப் பெயர்களின் பதிவேட்டில் தன் பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாவற்றையும் மறைக்கச் சொல்லி முதல் நாளே ஏற்பாடு செய்திருந்தான். அந்தப் பதிவேட்டை மடிக்கணினியில் திறந்து காட்டினான். எல்லாக் கட்டத்திலும் ‘தனியுரிமை கருதி மறைக்கப்பட்டுள்ளது’ என்றே இருந்தது.

“பார்த்தீங்களா மாமா, யாரு தேடினாலும் பேரு கிடைக்காது,” என்றான். குரலில் கொஞ்சம் பெருமை எட்டிப் பார்த்தது.

வேலாயுதம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்த இணையதளத்தைத் திறக்கச் சொல்லி அடிவரைக்கும் படித்தார். கடைசி வரியில் விரலை வைத்தார். ‘உபயம்: மு. குணாளன் குடும்பத்தினர், வடக்குத் தெரு.’ ஊர்ப் பழக்கத்தில் கை தானாகப் போட்டுவிட்ட வரி. குணாளன் அவசரமாக மடிக்கணினியை மூடப் போனான்.

வேலாயுதம் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஏம்ப்பா, இவ்வளவு சின்ன எழுத்துல போட்டா ஜனங்க கண்ணுக்கு எப்படித் தெரியும்?”